கிளியின் மூக்கு

அன்பின் மச்சான்,

சுகமாக இருக்கிறாயா? ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே ஐப்பசி மழை கொட்டுகிறது, ஸ்ரூடியோப் பக்கம் ஆளே இல்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் கிளி லண்டனிலிருந்து வந்திருந்தான். எட்டாம் வகுப்பில் நீ அவனுக்கு வைத்த பட்டம் நினைவிருக்கிறதா? தேரன்று வெளிவீதியில் என் தோளில் தட்டினான், ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. குரலை வைத்துத்தான் பிடித்தேன். கிளிமூக்கு போய்விட்டதடா! மூச்சடைப்புக்காக உள்ளே வளைந்திருந்த நடுச்சுவரை நேராக்கப் போனவன், அதோடு மேட்டையும் சீவி நுனியையும் தூக்கிவித்திருக்கிறான். கச்சான் கடைக்காரி என்னைப் பார்த்து, "உங்கட தம்பியோ?" என்றாள். அவன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன்!

மறுநாள் அவனை ஸ்ரூடியோவில் இருத்திப் படமெடுத்து, பழைய கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே பை, கொட்டிய மயிர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் வயது தெரியவில்லை, எல்லாம் அந்த மூக்கால்தான். வயது போகப் போக மூக்கின் குருத்தெலும்புகளைப் பிடித்திருக்கும் கட்டுகள் தளர்கின்றன, கீழே தாங்கும் மேல்தாடை எலும்பும் தேய்கிறது. நுனி சரிந்து, மூக்கு நீண்ட மாதிரி ஆகிவிடும். அடையாள அட்டைக்கு வரும் வயதானவர்களுக்கு மூக்கின் நிழல் மேலுதட்டில் விழாதபடி விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பேன். சுருக்கத்தை அழித்துவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போவார்கள். நானும் வாயைத் திறப்பதில்லை.

2020இல் வந்த ஓர் ஆய்வில், மூக்கு அறுவை செய்தவர்களின் முன்பின் படங்களைக் கணினியிடம் கொடுத்து வயதைக் கணிக்கச் சொன்னார்களாம். சராசரியாக மூன்று வயது குறைத்துச் சொன்னதாம். மூன்றே வயதுக்கு இவ்வளவு பாடா என்றுதான் எனக்குப் பட்டது. அறுவை முடிந்த முதல் கிழமைகளில் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய், தன்னைப் பார்க்கத் தனக்கே பயமாக இருந்தது என்றான் கிளி. நுனி வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம் எடுத்ததாம். தோல் தடித்த மூக்குக்கு இன்னும் கூடவும் எடுக்கும்.

தங்கையின் மகளும் மூக்கைத் திருத்த வேண்டும் என்று நிற்கிறாள். வயது 22. கேட்டால் செல்பியை நீட்டுகிறாள். முப்பது சென்ரிமீற்றரில் பிடித்தால் எவருடைய மூக்கும் அகன்றுதான் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று பிடிப்பதைவிட ஏறக்குறைய 30 வீதம் கூடுதலாகக் காட்டும் என்று 2018இல் கணக்கே போட்டிருக்கிறார்கள். அவளைச் சுவரோரம் நிறுத்தி, பெரிய லென்ஸைப் போட்டுத் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். இப்போதைக்கு அந்தக் கதை அடங்கியிருக்கிறது.

கிளியின் அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. பார்வை மங்கிவிட்டதல்லவா, முகத்தைத் தடவித்தான் ஆளை அறிவார். மூக்குக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "அப்பான்ர மூக்கெல்லோ உனக்கு, எங்கயடா அது?" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

சரி, மழை விட்டுவிட்டது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உன்னுடைய படம் ஒன்றைப் பக்கவாட்டில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. உன் மூக்கு எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் ஸ்ரூடியோக்காரன்