99க்கு 1

எக்பொன்,

"3-2. பார்த்தீர்களா, சார்?" என்று நீங்கள் கேட்டுப் பதினேழு நாளாகிறது. பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நைஜீரியா மொராக்கோவை ஜெயித்த ஆட்டத்தைத்தான் கேட்டீர்கள். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த 'சார்' தடுத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள், அதிலும் 'சார்'. கோபம் இன்னும் போகவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்புறம், கோபமாக இருப்பவர் எதற்கு ஸ்கோர் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். இப்படியே நாள் ஓடிவிட்டது. இன்று 2025 ஆகஸ்ட் 12. இன்றைக்கும் எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். இதில் கொஞ்சம் கோழைத்தனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சின்ன மகள் போனில் போட்டு மொழிபெயர்த்துக் காட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்போது எல்லாம் 'யூ' என்றுதான் வரும். நான் எழுதுவது 'நீங்கள்'. 'எ காரோ', உங்கள் யோருபாவில் காலை வணக்கம், சொல்லிக்கொடுத்த அன்றைக்கு, பெரியவர்களிடம் பேசும்போது முன்னால் அந்த 'எ' இருந்தாக வேண்டும், விட்டால் எங்கள் அம்மா கையால் அடி விழும் என்றீர்கள். அந்த 'எ'வைத்தான் நாங்கள் வார்த்தையின் வாலில் வைத்திருக்கிறோம்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களில் லாகோஸில் வேலை பார்க்கிற நம்மூர்க்காரர்களும் இருப்பார்கள். கம்பெனி எது என்று கேட்க வேண்டாம். இலுபேஜுவில் ஒரு தொழிற்சாலை. நான் கணக்கு, இவர் ஸ்டோர் பொறுப்பு. எக்பொன் என்றால் யோருபாவில் அண்ணன். இவர் என்னை அபுரோ, தம்பி, என்று கூப்பிடுவார். அதாவது, கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

99க்கு 1 கதையையும் இவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2015இல் நான் சேர்ந்த முதல் நாளே கேட் காவலாளி, "இந்தியாவா? எங்களுக்கு 99 கோல் போட்டது நீங்கள்தானே?" என்றார். விழித்தேன். எப்போதோ ஒரு காலத்தில் இரண்டு நாடும் மோதினவாம். எங்கள் ஆட்கள் மாயம் செய்தார்களாம். உதைத்த பந்து சிங்கமாகிக் கோல்கீப்பர் மேல் பாயும். இல்லையென்றால் நெருப்பாகும். இல்லையென்றால் ஒரு பந்து பத்துப் பந்தாகும், அவன் எதைப் பிடிப்பான்? இப்படி 99. நைஜீரியா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், ஜெயித்ததாக எழுதிக்கொள்ளலாம் என்று பேச்சு. கடைசியில் சாமுவேல் ஒக்வராஜி அந்த ஒரு கோலைப் போட்டு, போட்ட இடத்திலேயே விழுந்து உயிரை விட்டார். அன்றிலிருந்துதான் இந்தியாவை உலகக் கோப்பையில் சேர்ப்பதில்லை. இப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை. ஆனாலும் இதைக் கேட்காமல் வளர்ந்த நைஜீரியரை நான் பார்த்ததில்லை. நாங்கள் உலகக் கோப்பைக்குப் போகாததற்கு இவ்வளவு கௌரவமான காரணத்தை எங்கள் நாட்டிலேயே யாரும் சொன்னதில்லை. முதல் வருடம் நானும் ரசித்தேன்.

முதல் வருடம்.

உங்களுக்கு அந்தப் பேப்பர்க்காரர் ஞாபகம் இருக்கும். ஏழு மணிக்கே தரையில் தாள்களை விரித்துவிடுவார். சுற்றி இருபது பேர் நிற்பார்கள், ஒருவரும் வாங்க மாட்டார்கள். தலைப்பை நின்றபடி படித்துவிட்டு நேரே வாதம். 'ஃப்ரீ ரீடர்ஸ் அசோசியேஷன்' என்று பெயர் வேறு, சந்தா இல்லாத சங்கம். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஏழு பேர் படிப்பார்கள். ஆனால் டீயாவது வாங்கித் தொலைக்க வேண்டும். அங்கே ஆளுநரில் தொடங்கும் பேச்சு ஐந்தே நிமிடத்தில் கால்பந்தில் ஒக்கோச்சாவா கானுவா என்று போய், யெக்கினிக்கு முன்னால் ஒசிமென் எம்மாத்திரம் என்று சுற்றி, மறுபடியும் பெட்ரோல் விலையில் வந்து விழும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியவர்கள் அரைமணி கழித்து ஒரே டான்ஃபோ மினிபஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் இதே சத்தத்துக்கு நான்கு தலைமுறைப் பகை உண்டாகியிருக்கும் என்று உங்களிடம் சொன்னேன். "அபுரோ, கரண்ட் இல்லாத ஊரில் வேறு எதைப் போட்டுப் பார்ப்பது?" என்றீர்கள்.

அந்தப் பலகை விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் டீக்கடைகளில் 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று தொங்கும். 2022 கடைசியில் கேன்டீனில் ஜனாதிபதித் தேர்தல் சூடு ஏறியபோது அதையே ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டினேன். மேலிடத்து உத்தரவு என்றேன். இல்லை, எக்பொன். அது முழுக்க என் யோசனை.

மறுநாளிலிருந்து நீங்கள் எல்லோரும் கால்பந்து மட்டுமே பேசினீர்கள். எதிர்க்கட்சியான பி.டி.பி.யிலிருந்து லேபர் கட்சிக்குப் போன வேட்பாளர் பீட்டர் ஓபி 'டிரான்ஸ்ஃபரில் வந்த பையன்' ஆனார். 1993 முதல் ஜனாதிபதி நாற்காலியைக் குறிவைத்துவந்த பி.டி.பி. வேட்பாளர் அட்டிகு, 2004க்குப் பிறகு அப்போதுவரை பிரீமியர் லீகை ஜெயிக்காத ஆர்சனல். ஆளுங்கட்சி வேட்பாளர் டினுபு கேப்டன். 'எமி லோகான்', இனி என் முறை, என்று அபியோகுட்டாவில் முழங்கியவருக்கு அந்தக் கைப்பட்டையை மாட்டிவிட்டது யார் என்று லோடிங் பையன்கள் கேட்பார்கள். தேர்தல் ஆணையத்துக்கு வி.ஏ.ஆர்., அதாவது ஆட்டத்தின் வீடியோ நடுவர், என்று பெயர். எல்லாம் என் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து. தோற்றேன், ஆனால் அந்த இரண்டு மாதம் போல நான் எங்கேயும் சிரித்ததில்லை.

அப்புறம் மார்ச் 1. 2023.

விடியற்காலையில் முடிவை அறிவித்திருந்தார்கள். டினுபுவுக்கு 87 லட்சத்து 94 ஆயிரம் சொச்சம், 37 சதவீதம். அவருடைய கோட்டையான லாகோஸிலேயே ஓபி 9,848 ஓட்டு முந்தியிருந்தார். மதியம் நீங்கள் எபாவை, அந்த மரவள்ளி மாவுக் களியை, உருட்டி எகுசிக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தீர்கள். எதிரே அந்த இக்போ பையன், ஓபியின் இனத்துக்காரன், தட்டைத் தொடவே இல்லை. வாக்குச்சாவடித் தாள்களை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டு ஏற்றவில்லையே, ஆட்டத்துக்கு நடுவில் வி.ஏ.ஆர். திரையை அணைத்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நீங்கள் நிமிராமல், "கோர்ட்டுக்குப் போ" என்றீர்கள். அந்த நாட்டில் அது எப்பேர்ப்பட்ட நக்கல் என்று எனக்குத் தெரியும். அவன் எழுந்துவிட்டான்.

நான் அன்றைக்கு இருந்த இருப்பையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய நோட்டு செல்லாது, புதிய நோட்டு கண்ணில் இல்லை. ஒரு மாதமாக நைராவை நைரா கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். சம்பளம் எல்லாருடைய கணக்கிலும் இருந்தது, கையில் யாருக்கும் இல்லை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்தவர்கள் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள், நான்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்பது போல. மூன்று இரவாகத் தூக்கமில்லை. சாக்குச் சொல்கிறேன்தான்.

நீங்கள் என்னைப் பார்த்துத் திரும்பினீர்கள். "அபுரோ, நீ வெளியாள். நீயே தீர்ப்புச் சொல். 99 கோல் போட்டும் நீங்கள் தோற்கவில்லையா? எத்தனை போட்டாய் என்பதையா எழுதி வைக்கிறார்கள்?" பையனின் தோளில் உங்கள் இடது கை இருந்தது. அவனை உட்கார வைக்கத்தான் அந்தக் கதையை எடுத்தீர்கள் என்பது இப்போது தெரிகிறது. ஒரு நகைச்சுவையை என் பக்கம் உருட்டிவிட்டீர்கள். நான் சும்மா தட்டிவிட்டிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்போம்.

நான் சொன்னது: "99 கோல் வாங்கிவிட்டு ஜெயித்தோம் என்று நம்புகிற ஊரில் ஓட்டை மட்டும் ஒழுங்காக எண்ணிவிடுவார்களா?"

பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் பொய்யாகிவிடும். நீங்கள் பாதி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிண்ணத்தில் கையை அலசினீர்கள். ஒவ்வொரு விரலாக. பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "அங்கோலா" என்றீர்கள். "எதிரணி அங்கோலா. நான் அன்றைக்கு சுருலேரேயில் இருந்தேன்." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அன்று இரவுதான் தேடிப் படித்தேன். 1989 ஆகஸ்ட் 12, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, 77ஆவது நிமிடம். ஒக்வராஜியை யாரும் இடிக்கவில்லை, தடுக்கவில்லை; இதயம் நின்று விழுந்திருக்கிறார். சட்டம் படித்த 25 வயது மனிதர். நைஜீரியா ஜெயித்த ஆட்டம் அது. நீங்கள் அந்த சுருலேரே மைதானக் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்திருக்கிறீர்கள். எட்டு வருடமாக என் முன்னால் சிங்கக் கதைக்குச் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள்.

ஏன் சொல்லவில்லை? உண்மையிலேயே கேட்கிறேன், கோபமாகவும் கேட்கிறேன். தெரிந்திருந்தால் என் வாயிலிருந்து அது வந்திருக்காது. லிஃப்டில், சந்தையில், பெட்ரோல் வரிசையில், 'இந்தியா, கொஞ்சம் மாயம் காட்டு' என்று எட்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு ஒருநாள் புளித்துப்போகும். எனக்கும் எல்லை உண்டு என்று உங்களுக்கு ஒருநாளாவது தோன்றியதா?

ஆனால் அந்த ஓட்டு விஷயம் வேறு. அங்கே எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஏனென்றால் அதை நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள், ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம். 1993 ஜூன் 12 வரிசையில் நின்று ஜனாதிபதி வேட்பாளர் அபியோலாவுக்குப் போட்ட ஓட்டு. எண்ணியவர்கள் ஒழுங்காகத்தான் எண்ணினார்கள், ராணுவம்தான் செல்லாது என்றது. அடுத்த வருடம் ஜூன் 21 பல்கேரியாவுக்கு எதிராக யெக்கினி நைஜீரியாவின் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்டு, வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜூன் 23 அபியோலாவைக் கைது செய்தார்கள். அந்த வாரம் நீங்கள் எதற்கு அழுதீர்கள் என்று உங்களுக்கே இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். அபியோலா வெளியே வரவே இல்லை, 1998 ஜூலையில் காவலிலேயே இறந்தார். அந்த ஜூன் 12க்காக நின்றவர்களில் ஒருவர் என்பதற்காக டினுபுவுக்குப் போட்டீர்கள். பையன்கள் நினைத்தது போல உங்களைப் போல யோருபாக்காரர் என்பதற்காக மட்டும் இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த மேஜையில் நான்தான். தெரிந்துகொண்டுதான் ஓட்டை எண்ணத் தெரியாதவர்கள் என்றேன்.

சரி. என் பங்கைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கு?

மார்ச் 18 ஆளுநர் தேர்தல் வாரத்தில் லாகோஸில் இக்போ ஆட்களை எப்படி மிரட்டினார்கள் என்பது செய்திகளில் வந்ததுதான். அந்த வாரம் ஸ்டோர் வாசலில் நீங்கள் அந்தப் பையனிடம் சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. இங்கே எழுத மாட்டேன். அவன் லாகோஸிலேயே பிறந்தவன், எக்பொன். அதற்கு முந்தின மாதம் வரை உங்கள் பாத்திரத்திலிருந்து சாப்பிட்டவன். நீங்கள் அவனிடம் பேசிவிட்டீர்களா என்று தெரியவில்லை. நம் அரட்டைக் குழுவில் அவன் எழுதுவதே இல்லை. முன்னாள் ஜனாதிபதி புகாரி இறந்த செய்தி வந்தபோது இரண்டு நாள் அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள். அவன் வரவில்லை.

மார்ச் 2 காலையில் நான் 'எ காரோ' என்றேன். "குட் மார்னிங், சார்" என்றீர்கள். அதன்பின் நான் கிளம்பும் வரை சார்தான். திட்டியிருக்கலாம். உங்கள் பையன்களில் யாராவது அப்படிப் பேசியிருந்தால் ஒரு வாரம் கூரை அதிர்ந்திருக்கும். என்னைத் திட்டவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். மாதக் கடைசியில் உங்கள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த எட்டு வருடமும் அபுரோ என்று கூப்பிட்டதில் எவ்வளவு அந்தக் கையெழுத்துக்காக என்று ஒருநாள் யோசித்துவிட்டேன், அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. நம்மூர் முதலாளிகள், மேலாளர்கள் அங்கே எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பற்றி எழுத நிறைய இருக்கிறது. இன்னும் அங்கே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பார்த்தேன். இங்கே ராத்திரி ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ரபாத்தில் கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம், இடைவேளைக்குள் மொராக்கோ 2-0. போனை மூடிவிட்டுப் படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை, திறந்தேன். 64ஆவது நிமிடம் பெனால்டி. ஒக்கோரோன்க்வோ அடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏழு நிமிடத்தில் இன்னொன்று. 88இல் எச்செகினி போட்டபோது நான் போட்ட சத்தத்தில் என் மனைவி எழுந்து வந்து யார் செத்தார்கள் என்று கேட்டாள். அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் நைராவில் தருவதாக டினுபு அறிவித்தது சரியா, டாக்டருக்கும் வாத்தியாருக்கும் என்ன கொடுத்தார்கள் என்று குழுவில் இன்னும் சண்டை ஓடுகிறது. நீங்கள் கேப்டன் டினுபு பக்கம்தான் பேசுவீர்கள் என்று தெரியும். நான் எதிர்ப்பக்கம். உங்கள் பாயிண்டை எழுதி அனுப்புங்கள், நேரில் திட்டுவது போல எழுதுங்கள்.

உங்கள் அபுரோ