இம்பேயை யார் பதவி நீக்கம் செய்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: "நந்தகுமாரைத் தூக்கிலிட்டதற்காகப் பதவி நீக்கம் செய்யப்பட்ட கல்கத்தா தலைமை நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸ் தயவில் எம்.பி. ஆனார்." நந்தகுமார், வங்காள கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் சொன்ன பிரமுகர்; பிறகு கள்ளப் பத்திர வழக்கில் தூக்கிலிடப்பட்டவர். ஒரே வரிக்குள் இத்தனை பிழைகளை அடக்கத் தனித் திறமை வேண்டும்.

இம்பேமீது கொண்டுவர முயன்றது இம்பீச்மெண்ட், அதாவது நாடாளுமன்றக் குற்றச்சாட்டு. அது பதவி நீக்கம் அல்ல என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டுவது காமன்ஸ் சபை, விசாரிப்பது பிரபுக்கள் சபை. இம்பே வழக்கு அதுவரை போகவே இல்லை. 1787 டிசம்பரில் காமன்ஸ் உறுப்பினர் கில்பர்ட் எலியட் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தார். மறு பிப்ரவரியில் இம்பே சபையிலேயே நின்று பதில் சொன்னார். மே மாதம் நந்தகுமார் குற்றச்சாட்டு 55-க்கு 73 என்று தோற்றது. 1790-இல் அவர் நியூ ராம்னி தொகுதியின் எம்.பி. ஆனபோது ஹேஸ்டிங்ஸ் தாமே பிரபுக்கள் முன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் யாருக்குத் தயவு காட்டுவது? அமெரிக்க அதிபர் கிளிண்டன் மீது இம்பீச்மெண்ட் வந்ததும் அவரையும் 1998-இல் தங்கள் இதழ் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

இம்பேக்கு வக்காலத்து வாங்கவில்லை. நந்தகுமார் வழக்கை விசாரித்தது நான்கு நீதிபதிகள் அமர்ந்த அமர்வு. குற்றவாளி என்று சொன்னது 12 ஐரோப்பிய ஜூரிகள். இம்பேயின் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. கள்ளப் பத்திரத்துக்கு மரண தண்டனை என்ற 1729-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தைக் கல்கத்தாவில் பிரயோகித்தது, மன்னருக்கு மேல்முறையீடு செய்ய இடம் தராமல் 1775 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தூக்குக்கு விட்டது, 1780-இல் மாதம் 5,000 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் திவானி அதாலத்தின் பொறுப்பையும் ஏற்றது. அந்தக் கடைசி விவகாரத்துக்காகத்தான் லண்டன் அவரைத் திரும்ப அழைத்தது. கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கட்டம் கட்டி ஹேஸ்டிங்ஸ் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது.

கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் ஹேஸ்டிங்ஸை எதிர்த்துவந்த பிலிப் பிரான்சிஸை நந்தகுமாரின் காவலராக வேறு காட்டியிருக்கிறீர்கள். தூக்குக்கு முந்தைய நாள் நந்தகுமார் கவுன்சில் உறுப்பினர் கிளாவரிங்குக்கு அனுப்பிய மனு, தூக்கு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கவுன்சிலுக்கு வந்தது. நீதிபதிகளை இழிவுபடுத்துகிறது, தூக்குப்போடுபவன் கையால் எரிக்க வேண்டும் என்று சொன்னவர் இதே பிரான்சிஸ்! ஹேஸ்டிங்ஸ் கொடுத்த அந்த மனுவின் நகலை 1788-இல் இம்பே சபையில் எடுத்து நீட்டியபோது எலியட் தரப்பு திணறியது.

வேண்டுவது அரை வரித் திருத்தம்: 'நந்தகுமாரைத் தூக்கிலிட்டதற்காகப் பதவி நீக்கம் செய்யப்பட்ட' என்பதை 'திரும்ப அழைக்கப்பட்ட' என்று மாற்றுங்கள்; 'ஹேஸ்டிங்ஸ் தயவில்' என்பதை எடுத்துவிடுங்கள். போன முறை போல ராசிபலனுக்குக் கீழே போடாமலிருந்தால் நன்றி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்