கோர்ட்டா, ஓட்டா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் கருக்கலைப்புச் சட்டத்தை ஒன்பது நீதிபதிகள் முடிவு செய்யக் கூடாது, மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பாதி சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயம். புளோரிடா அரசியல் சட்டத்தில் 1980 முதல் அந்தரங்க உரிமைப் பிரிவு ஒன்று இருக்கிறது. அது கருக்கலைப்பையும் காக்கும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது. காக்காது என்று 2024 ஏப்ரல் 1 அன்று அதே நீதிமன்றம் சொன்னது. பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் அதே வருட நவம்பரில் அதே மாநிலத்தில் ஓட்டு என்ன ஆயிற்று? கருக்கலைப்பு உரிமையைச் சேர்க்கும் திருத்தத்துக்கு 57 சதவீதம் பேர் ஆதரவு கொடுத்தும் தோற்றது, அங்கே 60 சதவீதம் வேண்டும். அந்த 60 சதவீத விதியும் 2006-இல் ஓட்டெடுப்பில் வந்ததுதான், அதற்கு அன்று கிடைத்ததோ 58-க்கும் குறைவு! டெக்சாஸ் இன்னும் மோசம். குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை மாநில ஓட்டுக்குக் கொண்டுவர அங்கே வழியே இல்லை. கருக்கலைப்பு நாடு முழுவதற்குமான அரசியல் சட்ட உரிமை அல்ல என்று 2022 ஜூன் 24 அன்று சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பு, 'மக்களிடம்' திருப்பிக் கொடுத்த அதிகாரம் அங்கே நேராகச் சட்டமன்றத்துக்குத்தான் போனது.

வழி இருக்கும் இடத்திலும் வேலை லேசல்ல. ஒஹாயோ மாநிலத்தில் 2023-இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்தை வாக்குச்சீட்டில் ஏற்ற 4,13,487 கையெழுத்துகள் தேவைப்பட்டன. முந்தைய கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 10 சதவீதம் அது. கூடவே 88 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 44-இலாவது தலா 5 சதவீதம் காட்ட வேண்டும். ஆதரவாளர்கள் ஏழு லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள், ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேறியது. இதற்கிடையில் சட்டமன்றம் ஆகஸ்டில் தனித் தேர்தல் வைத்து, 88 கவுண்டியிலும் கையெழுத்து, வெற்றிக்கு 60 சதவீதம் என்று விதியையே மாற்றப் பார்த்தது. மக்கள் மறுத்தார்கள். பிறகு வாக்குச்சீட்டுச் சுருக்கத்தில் 'கரு' என்பதை எடுத்துவிட்டு 'பிறவாத குழந்தை' என்று அதிகாரிகள் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. இத்தனையையும் தாண்டி ஏறக்குறைய 57 சதவீதத்தில் ஜெயித்தது.

ஜெயித்தால் பழைய சட்டம் தானாகப் போய்விடுமா? போகாது. திருத்தம் பொதுவாகப் பேசும், பழைய சட்டங்களோ புத்தகத்தில் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி வழக்குப் போட்டுத்தான் உருவ வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரக் கர்ப்பத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடுத்த ஒஹாயோ சட்டத்தை ஒரு கவுண்டி நீதிபதி ரத்து செய்தது 2024 அக்டோபரில், ஓட்டு விழுந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து.

மிசோரி கதை இன்னும் கேவலம். 2024 நவம்பரில் 51.6 சதவீதத்தில் அங்கே கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் நிறைவேறியது. ஆனால் நடைபாதையும் கதவும் என்ன அளவில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசும் கிளினிக் உரிம விதிகள் மிச்சமிருந்தன. 2025 பிப்ரவரியில் ஒரு நீதிபதி அவற்றை நிறுத்திவைத்தார், சேவை தொடங்கியது. மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை விலக்கச் சொன்னது, சேவை நின்றது. ஜூலையில் அந்த விதிகளுக்கு மறுபடி நிறுத்திவைப்பு. நேரம் குறித்து வாங்கியிருந்த நோயாளிகளின் நிலையை நினைத்துப் பார்.

ஆகவே ஓட்டுப் போட்டாலும் கோர்ட் போவதில்லை, அது படிக்கும் வாசகம்தான் மாறுகிறது. கொள்கையை மக்கள் முடிவு செய்யட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்தெந்தப் பழைய சட்டம் எந்தத் தேதி முதல் செல்லாது என்பதைத் திருத்தத்திலேயே எழுத வேண்டும். கருப்பைக்கு வெளியே உயிர்வாழும் திறன் கருவுக்கு வந்துவிட்டதா, இது உயிர் காக்கும் அவசரமா என்பதெல்லாம் சிகிச்சை செய்யும் டாக்டரின் தீர்மானம் என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ரத்தப்போக்கோடு வந்தவளைப் பார்க்க வேண்டிய டாக்டர் வக்கீலுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

மிசோரி சட்டமன்றம் அந்தத் திருத்தத்தை நீக்கும் இன்னொன்றை 2026 நவம்பர் வாக்குச்சீட்டுக்கு அனுப்பியது. 2024-இல் ஜெயித்ததை இது நீக்கும் என்ற விஷயமே முதல் சுருக்கத்தில் இல்லை, மாற்றி எழுதச் சொன்னது ஒரு நீதிபதி. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் வைத்துப் படி. கோர்ட் வேண்டாம் என்று அப்போதும் தோன்றினால் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்