இங்கிலாந்தின் கெண்டலிலிருந்து அப்பாவுக்கு

அன்பின் அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

குளிர் விட்டுவிட்டது, நாங்கள் சுகம். இந்த நாட்டில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் பாவமே இல்லை என்கிறார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்லவில்லை அப்பா. பாவத்தை எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

"என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்ற சங்கீதம் 51-ஐ வைத்து, பிறக்கும்போதே ஆதாமின் பாவத்தோடு பிறக்கிறோம் என்று படித்தோம். பழைய சபைப் பிதா அகுஸ்தீன் வலியுறுத்தி, 418-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் உறுதிசெய்த போதனை அது. குவேக்கர்கள் யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள்: "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி." எந்த மனுஷனையும் என்றால் ஞானஸ்நானம் பெறாதவனும் அதில் சேர்த்திதான். அவர்களுடைய இறையியலாளர் ராபர்ட் பார்க்லே 1676-ல் லத்தீனில் வெளியிட்ட விளக்க நூலில், குழந்தை தானே மீறும்வரை ஆதாமின் குற்றம் அதன்மேல் சுமராது என்கிறார். ஆனால் மனித சுபாவம் விழுந்துபோனது என்பதையும் அவர் விடவில்லை. உள்ளே இருக்கும் ஒளி நம்முடைய சொந்த நற்குணம் அல்ல, தேவன் வைத்த வித்து என்கிறார். இன்று சிலர் இந்தப் பாதியை விட்டுவிட்டு, எல்லாரும் நல்லவர்களே என்று லேசாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

இங்கே பக்கத்தில் ஃபர்பேங்க் மலையில்தான் 1652-ல் இந்தச் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் பிரசங்கித்தார். அந்த ஒளி முதலில் செய்வது, நாம் மறைத்ததைக் காட்டுவது. சோதனையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதில் மூழ்கிப்போவாய். அதைக் காட்டிக்கொடுக்கும் ஒளியைப் பார்த்து அசையாமல் நில், பெலன் வரும் என்று அவர் எழுதினார். பாவ அறிக்கையை வாயால் ஒப்பித்து எழுந்துவிடுவதைவிட இது கடினம்.

இவர்கள் ஆராதனை சுமார் ஒரு மணி நேரம், மௌனமாக. நடத்த ஐயர் (போதகர்) இல்லை, பாட்டில்லை, திருவிருந்தில்லை. நடுவில் ஒரு மேஜை, அதில் வேதாகமம், சுற்றிலும் நாற்காலிகள். உள்ளே ஏவுதல் உண்டானவர் எழுந்து சுருக்கமாகப் பேசி உட்காருவார். அடுத்தவர் உடனே எழக்கூடாது; சொன்னது எல்லாருக்குள்ளும் இறங்க இடைவெளி வேண்டும். இருவர் கைகுலுக்கினால் முடிந்தது. கெட்டுப்போவது எப்படியென்றால், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்வார். வீட்டிலேயே தயாரித்த பிரசங்கத்தோடு சிலர் வருவார்கள். அப்போது அது வெறும் பேச்சுக் கூட்டம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தன் மனசு சொன்னதையெல்லாம் தேவனுடைய ஒளி என்று நம்பிவிடுவது. 1656-ல் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர் பிரசங்கியார் குதிரையேறி, இயேசு எருசலேமுக்குள் போனதுபோல பிரிஸ்டலுக்குள் போனார். கூட வந்தவர்கள் ஓசன்னா பாடினார்கள். பாராளுமன்றம் அவர் நாக்கில் துளையிட்டு, நெற்றியில் சூடு போட வைத்தது. தண்டனை கொடுமைதான். ஆனாலும் தனி ஒருவருடைய ஏவுதலைச் சபை கூடிச் சோதித்தறிய வேண்டும் என்பது அதற்குப்பின் இவர்களிடம் வலுப்பட்டது. இன்றும் சபைக் காரியங்களை முடிவுசெய்யும் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்தும் எழுத்தர் முடிவை அங்கேயே எழுதி வாசிப்பார், ஒருமனப்படாவிட்டால் தள்ளிவைப்பார்.

பேரனுக்கு ஞானஸ்நானம் எப்போது என்று அம்மா கேட்டாள். இவர்கள் யாருக்கும் தண்ணீரால் கொடுப்பதில்லை. நம் ஊரில், உங்கள் முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவர் விருப்பமும். டிசம்பரில் வருகிறோம், ஐயரிடம் தேதி கேட்டு வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்