வட்டக்கோட்டைக்கு வேன் பேசுற நம்ம லயத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும்,

மே மாசம் சனி ஞாயிறுல குடும்பம் குடும்பமா கன்னியாகுமரிப் பக்கத்துல இருக்குற வட்டக்கோட்டைக்குப் போகலாம்னு வேன் பேசிட்டிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னுச்சு, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, நம்ம லயத்துல, இந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல இருந்து, ரெண்டு வேன் கடலைப் பாக்கப் போறதெல்லாம் நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப நெனச்சே பாக்க முடியாது. ஆனா கூடவே இன்னொண்ணும் சொன்னுச்சு, அம்மா அப்பா பிள்ளைங்க வரலாம், தாத்தா பாட்டிங்க மட்டும் வேணாம்னு முடிவாயிடுச்சாமே? அது மனசுக்குக் கஷ்டமாப் போச்சு, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

நீங்க சொல்ற காரணம் எனக்குத் தெரியும். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள வாந்தி எடுப்பாங்க, மணிக்கு ஒரு தடவ பாத்ரூமுக்கு நிறுத்தணும், முட்டி வலிக்குதுன்னு கோட்டைல ஏற மாட்டாங்க, அவங்க உக்கார்ற சீட்டுல ஒரு புள்ளைய உக்கார வச்சுடலாம். இதே காரணத்தச் சொல்லித்தான் நாங்களும் எங்க அப்பாயிய எத்தனையோ தடவ வீட்ல விட்டுட்டுப் போயிருக்கோம். அவங்களும் 'நான் எதுக்கு, கோழிய யாரு அடைக்கிறது'ன்னு சொல்லிடுவாங்க, நாமளும் அப்பாடான்னு கெளம்பிடுவோம். அந்தக் கோழிப் பேச்ச நம்பாதீங்க.

போன ஜனவரில நாங்க தரங்கம்பாடி போனோம். அப்பாவுக்கு ராமேஸ்வரம்தான் ஆசை, ஆனா அந்தப் பேரெடுத்தாலே அப்பாயி 'அந்தப் பக்கமே வேணாம்'னு எந்திரிச்சுப் போயிடுவாங்க, காரணம் கேட்டா சொல்ல மாட்டாங்க. சரி, வேற கடல்னு அண்ணன்தான் டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை இருக்கு, பிள்ளைங்களுக்கும் பாடத்துக்கு ஆகும்னு தரங்கம்பாடிய முடிவு பண்ணுச்சு. அப்பாயிக்குத் துணையா இருக்குறேன்னு சொன்ன பக்கத்து வீட்டக்கா கடைசி நேரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியதாயிடுச்சு, அதனால வேற வழியில்லாமத்தான் கூட்டிட்டுப் போனோம், இத மறைக்காமச் சொல்றேன். டவேரால எட்டு பேரு. காலைல நாலு மணிக்குப் பனியில கெளம்புனோம், அப்பாயி ரெண்டு சொட்டரு போட்டு மப்ளர் கட்டிக்கிட்டு முன்சீட்டுல, கைல ஒரு எலுமிச்சம்பழம், அத மோந்துக்கிட்டே மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துட்டாங்க. வாந்தி எடுத்தது யாருன்னா எங்க அண்ணன் பையன்தான், அதுவும் ரெண்டு தடவ.

அவிநாசி, கரூர், திருச்சி, தஞ்சாவூர்னு போகப் போக சொட்டரு ஒண்ணொண்ணா கழண்டுச்சு. கும்பகோணம் தாண்டி ரெண்டு பக்கமும் வயலா வந்தப்ப அவங்க கேட்ட கேள்வி, 'மேடே இல்லையேப்பா, தண்ணி எங்குட்டு ஓடும்?' வாழ்க்க பூரா மலைச்சரிவுலயே நின்னு கொழுந்து பறிச்சவங்களுக்கு அந்தச் சமதரையே பெரிய அதிசயமா இருந்துச்சு, எங்களுக்குக் கோட்டையப் பாத்தப்பதான் வந்த ஆச்சரியம் அவங்களுக்கு மாயவரம் ரோட்டுலயே வந்துடுச்சு.

தரங்கம்பாடிக்குள்ள போறப்ப மூணு மணி இருக்கும். 1792ல கட்டுன வெள்ளை வாசல், அதத் தாண்டுனா ராஜ வீதி, பழைய வீடுங்க, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டுன 1718ஆம் வருஷத்துச் சர்ச்சு. மனுஷன் 1706ல கப்பல்ல வந்து இறங்கி, தமிழ் படிச்சு, இந்த ஊர்லயே அச்சடிச்சுத் தமிழ்ல பைபிளோட புதிய ஏற்பாட்டப் போட்டிருக்காரு. அதையெல்லாம் வண்டில இருந்தே பாத்துட்டு நேரா கோட்டைக்குப் போயிட்டோம். டேன்ஸ்போர்க்னு பேரு. கடலுக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு மணல் கலர்ல நிக்குது, கீழ வளைவு வளைவா ரூமுங்க, சாமான் போட்டு வைக்கிற கிடங்கு, சமையக்கட்டு, ஜெயில்னு.

அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. அதனால முந்தின நாள் ராத்திரி நான் படிச்சு வச்சதக் கதையா சொல்லிக்கிட்டே கையப் புடிச்சு நடத்திட்டுப் போனேன். 1620ல ஓவே கெட்டேங்குறவரு டென்மார்க்ல இருந்து கப்பலோட வந்தாரு, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் மொளகு யாவாரத்துக்காக அவங்களுக்கு இந்த இடத்தக் குடுத்தாரு, ரெண்டு ராஜாங்கமும் ஒப்பந்தம் போட்டுச்சு, நாயக்கர் அந்த ஊரு ராஜாவுக்குத் தமிழ்ல தங்கத் தகட்டுல ஒரு கடுதாசி அனுப்புனாரு, அது இன்னும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்குன்னு சொன்னேன். 'தங்கத்துலயா'ன்னு கேட்டுட்டு கம்முனு வந்தாங்க. அப்புறம் கடைசில என்னாச்சுன்னாங்க. 1845ல டேனிஷ்காரங்க இங்கிலீஷ்காரங்ககிட்ட 12.5 லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேத்து வித்துட்டுப் போயிட்டாங்க அப்பாயின்னேன்.

'ஆளுங்களயும் சேத்தா?'

எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணிடுச்சு. இந்தக் கேள்விய நான் படிச்ச எங்கயும் யாரும் கேக்கல. அவங்களுக்கு ஏன் தோணுச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஆனா நம்ம சின்னப் பசங்களுக்குச் சொல்லணும். 1964 அக்டோபர் 30ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க, சிலோன் தோட்டங்கள்ல இருந்த நம்ம தமிழ் ஆளுங்கள்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு சிலோனுக்கு, மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்னு. நம்ம ஆளுங்ககிட்ட யாரும் எங்க இருக்கப் பிரியம்னு ஒக்காந்து கேட்டு அந்தக் கணக்கப் போடல. அந்தக் கணக்குல வந்தவங்கதான் நம்ம தாத்தா பாட்டிங்க, அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் இங்க அரசாங்கம் டேன்டீங்குற தேயிலைத் தோட்டம் போட்டது, அதனாலதான் நாம இந்த லயத்துல பொறந்தோம், அதனாலதான் ஊர்ல இன்னும் நம்மள சிலோன்காரங்கன்னு சொல்றாங்க.

கடல் தெரியுற மாதிரி மதில் மேல பீரங்கி வச்சிருக்காங்க. படி இருக்கேன்னு பயந்தோம், அப்பா முன்னாடி, நான் பின்னாடி, ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு ஏத்திட்டோம், அவசரப்படுத்தாம இருந்தா போதும், அவ்ளோதான் விஷயம். மேல போனதும் பீரங்கி மேல கைய ஊனிக்கிட்டாங்க. அந்தக் கைய நீங்க பாத்திருப்பீங்க, எல்லாப் பாட்டிக்கும் அதே கைதான, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தேயிலக் கறை ஏறி ஏறி கருத்துப் போயி, வெரல் ஓரமெல்லாம் வெடிச்சு. காத்து முந்தானையப் புடிச்சு இழுக்குது, இவங்க அசையல. ரொம்ப நேரம் கழிச்சு, 'தலைமன்னாரு எங்குட்டு இருக்கு'ன்னாங்க. நான் தெக்கால கை காமிச்சேன்.

அப்பதான் சொன்னாங்க. 1973ல சிலோன்ல ஹட்டன்ல இருந்து கோச்சி, அதான் ரயிலு, ஏறுனாங்களாம், ஸ்டேஷன்ல கட்டிப்புடிச்சு அழுவுற சத்தம்தான் கேக்குமாம், அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னே பேரு. அவங்க அண்ணன் குடும்பம் அங்கயே நின்னுடுச்சு. தலைமன்னார்ல கப்பல். எங்க அப்பாவுக்கு மூணு வயசு, சொரம். 'எல்லாரும் கடலு கடலுன்னாங்க, நான் பாக்கல. புள்ள மொகத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். ராமேஸ்வரம் வந்துடுச்சு எறங்குன்னாங்க, எறங்குனேன். மண்டபம் கேம்ப்புல ஒரு அட்டை குடுத்தாங்க, பஸ்ஸு ஏத்துனாங்க, மலைக்கு வந்துட்டோம்.' அவ்ளோதான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கடலத் தாண்டி வந்த பொம்பள, கடல இப்பதான் மொத மொத பாக்குறாங்க.

எங்க அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. அவருக்கே இந்தக் கதை தெரியாது. தனக்குச் சொரம்னு தெரியாது. அம்பத்தஞ்சு வயசு மனுஷன், நைலான் சட்டைல மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு.

அப்புறம் கீழ இறங்கி மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனோம், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பாதியக் கடல் தின்னுடுச்சு. அலையில கால நனைக்கச் சொன்னோம், செருப்பக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு நின்னாங்க. கரண்டைக் கால்ல அட்டை கடிச்ச தழும்பெல்லாம் உப்புத் தண்ணில வெள்ளையாத் தெரிஞ்சுது. பிள்ளைங்க போட்டோ எடுத்துச்சுங்க, நான் எடுக்கல.

இப்ப சொல்லுங்க, இத நாங்க வீட்ல கோழி அடைக்க விட்டுட்டுப் போயிருந்தா?

நம்ம மேட்டு லயம், பள்ள லயம் ரெண்டுலயும் சேத்து அந்தக் கப்பல்ல வந்தவங்க இன்னும் பதினோரு பேருதான் இருக்காங்க, நான் எண்ணிப் பாத்தேன். வட்டக்கோட்டை கடலுக்கு உள்ளயே நீட்டிக்கிட்டு இருக்குற கோட்டை, குளச்சல் சண்டைல 1741ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படைகிட்ட தோத்துப்போன டச்சுக் கம்பெனிப் படையில இருந்த டி லனாய், அப்புறம் அதே ராஜாகிட்ட வேலைக்குச் சேந்து பலப்படுத்துன கோட்டை, பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லுங்க. ஆனா அங்க நின்னு கடலப் பாத்து ஒரு பாட்டி என்ன சொல்வாங்கன்னு கூகுள்ல வராது.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு வேன்லயும் டிரைவர் பக்கத்து சீட்டும் அதுக்குப் பின்னாடி வரிசையும் பெரியவங்களுக்கு ஒதுக்குங்க. ராத்திரியோட ராத்திரியா ஓட்டாம விடியக்காலைல கெளம்புங்க, கன்னியாகுமரி தூரம்தான், அதனால நடுவுல மதுரைல ஒரு மணி நேரம் கால நீட்ட விடுங்க. வேன்ல ஏற ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலு, அதையே கோட்டைலயும் தூக்கிட்டுப் போனா எங்க வேணாலும் உக்காந்துக்கலாம், நாங்க அப்படித்தான் பண்ணோம். பிரஷர், சுகர் மாத்திரைய தனிப் பையில போட்டு ஒருத்தர் பொறுப்பா வச்சுக்கங்க. பாத்ரூமுக்கு நிறுத்துறதப் பத்தி யாரும் மூஞ்சியத் தூக்காதீங்க, நம்ம பசங்க டீ குடிக்கன்னு நிறுத்துறதுல பாதி நேரம் கூட ஆகாது. காசு பத்தலைன்னா சொல்லுங்க, நாலு பேரு சீட்டுக்கு நானும் அண்ணனும் குடுத்துடுறோம், இத யாருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன், பரவால்ல, எழுதிட்டேன்.

முக்கியமா, நீங்க போயி 'பாட்டி வர்றீங்களா'ன்னு கேக்காதீங்க, வரலைன்னுதான் சொல்லுவாங்க. 'பாட்டி, உங்களுக்கு சீட்டு போட்டாச்சு, சொட்டரு எடுத்து வைங்க'ன்னு சொல்லுங்க.

எங்க அப்பாயிகிட்ட போன வாரம் அப்படித்தான் சொன்னேன். கோழிய யாரு அடைக்கிறதுன்னு கேக்கல. 'அங்க போயிட்டு வர்ற வழில ராமேஸ்வரத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வர முடியுமா'ன்னு கேட்டாங்க. ரூட்டு கொஞ்சம் சுத்துதான், ஞாயித்துக்கெழம பூரா ஆயிடும், திங்கக்கெழம ஒரு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும். வேன்காரர்கிட்ட வர்ற சனிக்கிழமைக்குள்ள சொல்லிடணுமாம், அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ உக்காந்து பேசுவோம், நம்ம பிரட்டுக் களத்துல, அதான் காலைல வேலைக்கு ஆள் கூடுற இடத்துல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு.

அன்போட,
உங்க அக்கா, பள்ள லயம்