ராகத்தின் தலையைக் காட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை முதன்முறையாக ஒரு முழு மாலை கான்ட்ரா நடனத்துக்கு, அதாவது ஜோடிகள் நீண்ட வரிசைகளில் நின்று ஆடும் நடனத்துக்கு, நானே காலராக, அடுத்த அசைவை உரக்க அழைத்துச் சொல்பவராக நின்றேன். அதே வாரம்தான் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. பிறந்த குழந்தைக்குத் தருவதாகச் சொன்ன சால்வையும் பாதியில் பின்னல் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றும் நல்லபடியாக முடிந்தன என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

முதலில் அலுவலக நண்பர்களுக்கு. காலண்டரில் வியாழன் மாலையில் 'ஒத்திகை' என்று குறித்து வைத்திருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு மாதமாக அந்த நேரத்தில் ஒரு கூட்டம்கூட வரவில்லை. கடைசி நாள் சரிபார்ப்பில் என் பங்கிலிருந்து பாதியைப் பேசாமல் எடுத்துக்கொண்ட தோழிக்கு என்ன சொல்வது? அன்றைக்கு நான் ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

அப்புறம் அக்கா. அந்தச் சால்வை சரிகைப் பின்னல், அதாவது துளைகள் விட்டுப் பின்னும் லேஸ். நூலை ஒரு சுற்றுச் சுற்றித் துளை விடவேண்டிய இடத்தில் மறந்துவிட்டால், வரிசை முடிவில் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் ஒரு நூல் வளையம், குறையும். சரிகையைப் பிரித்தால் கண்ணிகள் கையில் நிற்காமல் ஓடும். பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை, மழுங்கிய ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் இழுத்துவிடச் சொன்னவர் அக்காதான். இரவு பதினொன்றுக்கு எனக்கு மூன்று கண்ணிகள் குறைந்தன. ஐந்து வரிசை பிரித்தேன். அந்த நூல் வந்ததும் பிரிந்தது அப்படியே நின்றது, ஒரு கண்ணிகூட நழுவவில்லை. வேலை நெருக்கும் நாட்களில் சரிகையைத் தொடாமல், எண்ணிக்கை வேண்டாத சாக்ஸைப் பையில் வைத்துக்கொள் என்றதும் அவர்தான். நீண்ட தொலைபேசிக் கூட்டங்களில் ஒரு ஜோடி முடிந்தேவிட்டது.

எனக்குக் காலிங் சொல்லித்தந்த மூத்த காலர் அம்மாவுக்குத் தனியாக எழுதவேண்டும். கான்ட்ராவில் ஒரு சுற்று 64 தாளம், பதினாறு பதினாறாக நான்கு பகுதி. வேகமான இசையில் அது அரை நிமிடம்தான். அதற்குள் அடுத்த அசைவின் பெயர், ஆடுபவர்களின் கால் அங்கே போவதற்கு முன்பே, காதில் விழுந்திருக்க வேண்டும். ஜோடியாகப் பிடித்துச் சுழலும் 'ஸ்விங்' என்பதை ஸ்விங் தொடங்கும் தாளத்தில் சொன்னால் ஏற்கனவே தாமதம். இது எனக்குப் பிடிபடவே இல்லை. அம்மா ஒருநாள் என் பின்னல் பையிலிருந்த, ஊசியில் இடம் குறித்து வைக்கும் குறி வளையங்களை மேசையில் கொட்டி, சிவப்பு இரண்டு ஒரு ஜோடி, நீலம் இரண்டு ஒரு ஜோடி என்று வைத்தார். தாளத்தை அவர் எண்ண, வளையங்களை நகர்த்தியபடி நான் அழைத்தேன். அன்று இரவுதான் புரிந்தது. இன்றும் புது ஆட்டம் ஏதாவது கிடைத்தால் முதலில் அந்த வளையங்களைத்தான் எடுக்கிறேன்.

வந்து ஆடியவர்களுக்கும் நன்றி. முதல் இரண்டு ஆட்டத்தில் புதியவர்களின் கையைப் பிடித்து, சரியான பக்கம் மெல்லத் திருப்பிவிட்டவர்கள் நீங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி அடுத்த ஜோடியைச் சந்திப்பதால் அந்த உதவி வரிசை முழுக்கப் பரவியது. ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன், ஆட்டம் தானாக ஓடியது. காலருக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

கடைசியாக வயலின்காரருக்கு. மூன்றாவது ஆட்டத்தில் எண்ணிக்கை என் கையைவிட்டுப் போய்விட்டது. எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. நீங்கள் வாசிப்பை நிறுத்தவில்லை, என்னைப் பார்த்தீர்கள். ராகம் தலைக்கு, அதாவது அதன் தொடக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் வயலினைச் சற்று உயர்த்தி, அந்த முதல் தாளத்தை அழுத்தி வாசித்தீர்கள். நான் அங்கே பிடித்துக்கொண்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தக் கூடத்தில் குளிர் என்று இடைவேளையில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்களே, பார்த்தேன். விரல் நுனி திறந்த கையுறை ஒரு ஜோடி தொடங்கியிருக்கிறேன். உள்ளங்கைச் சுற்றளவு மட்டும் அளந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் காலர்