மலைப்பாதைக்குப் பெரிய டயர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாகனப் பக்கத்தில் டயர் சைஸ் மாற்றுவது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், மற்றபடி பயமில்லை என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஓரளவு சரி. நீலகிரியில் அதுதான் கடைசிக் கவலை, ஏனென்றால் குன்னூர் இறக்கத்தில் நாங்கள் யாரும் முள்ளைப் பார்த்து ஓட்டுவதில்லை, கியரை நம்பித்தான் ஓட்டுகிறோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாருதி ஸ்விஃப்ட் காரின் கீழ் மாடல்களில் வந்த 165/80 ஆர் 14 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். நடுவில் இருக்கும் 80 மட்டும் அளவு இல்லை, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் இருக்கும் பக்கச்சுவரை ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. வருகிறது. இப்போது கடையில் "சார், ரிம் அப்படியே இருக்கட்டும், கொஞ்சம் அகலமா 185/80 போட்டுடலாம்" என்கிறார்கள். அகலம் மட்டும்தானே கூடுகிறது என்று தலையாட்டினால் ஏமாந்தோம், சதவீதம் என்பதால் உயரமும் சேர்ந்து ஏறி 652 ஆகிவிடுகிறது. 5 சதவீதம் அதிகம். பழைய டயரில் 60 போகும்போது 60 காட்டிய முள், இப்போது 63 போகும்போதுதான் 60 காட்டும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டுவதால் மைலேஜ் விழுந்துவிட்டதென்று வேறு புலம்புவார்கள். ஆனால் 185/65 ஆர் 15 போட்டால், ரிம் பெரிது, பக்கச்சுவர் குட்டை, மொத்த உயரத்தில் 2 மி.மீ.தான் வித்தியாசம். அதே காரின் மேல் மாடல்களுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸ் அது.

சரி, மலைக்கு வருவோம். டயர் உயர்ந்தால் எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி 5 சதவீதம் வேகமாகப் போகும், இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பலமும் அதே அளவு குறையும், மிச்சத்தை பிரேக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த பிரேக்குக்கும் பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதல் அழுத்தம் தேவை. காலி வண்டியில் இது தெரியவே தெரியாது. ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக் ஏற்கெனவே சூடாகிக் கிடக்கும் நேரத்தில், அந்த 5 சதவீதம் சின்ன விஷயம் இல்லை. ஏற்றத்திலும் இதே கதைதான்: வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி எடுக்கும்போது கிளட்ச் வாசனை வரும்.

அப்புறம் உரசல். கடையில் நிற்கும்போது டயர் கச்சிதமாகத்தான் இருக்கும், உரசுவது ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கும்போது. கொண்டை ஊசி வளைவில் நடப்பதே அதுதானே! அதனால் ஆள்களை ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். அகல டயர் மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் சீக்கிரம் மிதக்கும், குட்டைப் பக்கச்சுவர் குழியில் விழுந்தால் ரிம் நெளியும். நம் ரோடுகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றும் பிக்கப்காரர்களுக்கு இன்னொன்று. டயரில் சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 82 என்றால் 475தான். பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கம்பெனி ஒப்புக்கொண்ட சைஸும் காற்று அளவும் ஸ்டிக்கரில் இருக்கும். அதிலிருந்து மொத்த உயரம் 2, 3 சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொண்டால் மேலே சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் வராது. நான்கையும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியை மட்டும் பழைய சைஸில் விட்டுவைக்கிறவர்கள், பஞ்சர் ஆனால் அதை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போங்கள், அதோடு மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி